மூன்று ஜோடி காலுறை: ஜிம்மி ஹோகனை இங்கிலாந்து தொலைத்த கதை

2024 அக்டோபரில், தாமஸ் டூக்கல் என்ற ஜெர்மானியர் இங்கிலாந்து தேசிய அணியின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டபோது பலருக்கும் ஒரே குழப்பம். கால்பந்துக்கு விதி எழுதிய நாடு அது. உலகிலேயே பணம் அதிகம் புழங்கும் லீக் அங்கேதான் நடக்கிறது. அப்புறம் ஏன் பயிற்சியாளரை மட்டும் வெளியிலிருந்து கூட்டிவர வேண்டும்? டூக்கலுக்கு முன்பே ஸ்வீடனின் எரிக்சனும் இத்தாலியின் கபெல்லோவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2025 வரை, இங்கிலாந்தில் பிறந்த ஒரு மேனேஜர்கூட அந்தக் கோப்பையை வென்றதில்லை.

இன்றைய காரணங்கள் பல உண்டு. ஆனால் இந்த வழக்கத்தின் வேர் நூறு ஆண்டுக்கும் முந்தையது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் போதும். அவர் பெயர் ஜிம்மி ஹோகன். ஆட்டக்காரராகச் சுமார் ரகம். பயிற்சியாளராக, ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஜெர்மனியும் தங்கள் ஆசான் என்று சொல்லிக்கொண்டவர். சொந்த நாட்டில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

முதலில் சில சொற்கள்

"பயிற்சியாளர்" என்று இன்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1900களின் தொடக்கத்தில் ஓர் இங்கிலாந்து கிளப்பில் அந்த வேலை மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

1. செயலாளர். சிலர் செயலாளர்-மேனேஜர் என்பார்கள். ஒப்பந்தம், சம்பளப் பட்டுவாடா, ரயில் டிக்கெட் எல்லாம் இவர் பொறுப்பு. சனிக்கிழமை யார் ஆடுவது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் இயக்குநர்கள், அதாவது உள்ளூர் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும், கூடிப் பேசி முடிவுசெய்வார்கள்.

2. டிரெய்னர். வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்பவர். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், அடிபட்டால் ஈர ஸ்பாஞ்சோடு ஓடுவார்.

3. கோச். பந்தை எப்படி நிறுத்துவது, எங்கே அனுப்புவது, அனுப்பிய பின் எங்கே நகர்வது என்று ஆட்டத்தையே கற்றுத்தருபவர்.

மூன்றாவது ஆள் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆட்டத்திறமை பிறவியிலேயே வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. இன்னொரு நம்பிக்கை இதைவிட வேடிக்கையானது. வாரநாட்களில் வீரனுக்குப் பந்தைக் காட்டாமல் வைத்திருந்தால்தான் சனிக்கிழமை அவன் பந்துக்குப் பசியோடு இருப்பானாம். பசியோடு வந்தவனுக்குப் பந்தை என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டுமே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பந்தை ஓட்டுவதா, அனுப்புவதா?

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பகால இங்கிலாந்து ஆட்டம் டிரிபிளிங்கை நம்பியது. ஒருவர் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவார், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். 1872-ல் கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். இங்கிலாந்து வீரர்கள் கனத்த உடம்புக்காரர்கள். நேருக்கு நேர் மோதினால் பிழைக்க முடியாது என்று, பந்தைத் தங்களுக்குள் தட்டித் தட்டி நகர்த்தினார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அந்தப் பழக்கம் ஸ்காட்டிஷ் பாணி என்று பெயர் பெற்றது.

பாஸிங் இங்கிலாந்துக்கும் பரவியது உண்மைதான். ஆனால் சேறான மைதானம், புள்ளிக்கான அவசரம், கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் பயம் எல்லாம் சேர்ந்து, லீக் ஆட்டம் நாளாக நாளாக வேகமும் நீண்ட உதையுமாக மாறியது. தரையோடு பாஸ் கொடுத்து ஆடுவதைத் தன் மதம்போலப் பிடித்துக்கொண்டவர் ஹோகன். அதைக் கேட்கும் காது அவருக்குக் கிடைத்த இடம்தான் இங்கிலாந்து இல்லை.

"பத்தில் ஒன்று போனால் போதும்"

ஹோகன் 1882 அக்டோபரில் லங்காஷயரின் நெல்சன் என்ற பஞ்சாலை நகரில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஆலைத் தொழிலாளி. பையன் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டு ஆசை, அதற்காக மான்செஸ்டரில் கத்தோலிக்கப் பள்ளியிலும் படித்தார். பந்து இழுத்துக்கொண்டது. முன்வரிசையில், இன்சைடு ஃபார்வர்டாக ஆடினார். தன் ஆட்டத்தைத் தானே மேம்படுத்திக்கொள்ள, நகராத சைக்கிள் ஒன்றை அமைத்து மணிக்கணக்கில் மிதித்ததாகச் சொல்வார்கள். தசை இறுகியதுதான் மிச்சம்.

பர்ன்லி கிளப்பில் இருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயம்தான் அவரைப் பயிற்சியாளராக்கியது. ஓர் ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் அடித்த பந்து கோலுக்கு மேலே பறந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் ஸ்பென் விட்டேக்கரிடம், "என் காலை வைத்ததில் தப்பா, உடம்பு சாய்ந்திருந்ததா?" என்று கேட்டார். பதில்: அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனாலே பெரிய விஷயம். ஹோகனுக்கு இது ஏற்கவில்லை. தப்புக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று அன்றிலிருந்து தானே ஆராயத் தொடங்கினார்.

1905-ல் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்புக்குப் போனது அடுத்த திருப்பம். அங்கே மேனேஜர் ஹாரி பிராட்ஷா ஸ்காட்லாந்து வீரர்களைச் சேர்த்து, பாஸிங் ஆட்டத்தை ஆடவைத்தார். ஃபுல்ஹாம் 1906, 1907 இரண்டு ஆண்டும் சதர்ன் லீக்கை வென்றது, 1908-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனது. அதன் பின் ஸ்விண்டன், போல்டன்.

சம்பளத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1901 முதல் இங்கிலாந்தில் உச்சவரம்பு இருந்தது, எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. முப்பது வயது தாண்டினால் அதுவும் போய்விடும். ஓய்வுபெற்ற வீரர் பெரும்பாலும் மதுக்கடை நடத்தப் போவார் அல்லது பழைய தொழிலுக்கே திரும்புவார். ஆட்டத்தில் கற்ற வித்தையைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டுமென்றால் கப்பலேறத்தான் வேண்டும். வித்தை வெளிநாடு போனதற்கு இந்த எளிய பொருளாதாரமே பாதிக் காரணம்.

டார்ட்ரெக்ட், பிறகு வியன்னா

போல்டன் அணி சுற்றுப்பயணமாக ஹாலந்து போய் டார்ட்ரெக்ட் அணியை 10-0 என்று துவைத்தது. திரும்பி வந்து இவர்களுக்கு ஒழுங்காக ஆடக் கற்றுத்தருவேன் என்று ஹோகன் அப்போது சொல்லிக்கொண்டாராம். 1910-ல் டார்ட்ரெக்ட்டிலேயே அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு நெதர்லாந்து தேசிய அணியையும் பார்த்துக்கொண்டார். ஜெர்மனிக்கு எதிரான அந்த ஆட்டத்தை நெதர்லாந்து 2-1 என்று வென்றது.

1912-ல் வியன்னா. அங்கே ஹ்யூகோ மைஸல் என்று ஒருவர், வங்கி வேலையை ஒரு கையிலும் கால்பந்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஆஸ்திரிய ஆட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். ஹங்கேரியுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் மைஸலுக்குத் திருப்தியில்லை. நடுவராக வந்திருந்த இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் ஹௌக்ராஃப்டிடம் என்ன குறை என்று கேட்டார். உங்களுக்கு நல்ல பயிற்சியாளர் வேண்டும், ஹோகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று பதில் வந்தது.

முதல் நாள் பயிற்சி சரியாகப் போகவில்லை. ஆங்கிலம் புரியவில்லை, அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறாரே என்று ஆஸ்திரிய வீரர்கள் முணுமுணுத்தார்கள். மைஸலுக்கோ பிடித்துவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு முறையை வகுத்தார்கள். அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என்று வென்றது. 1916 பெர்லின் ஒலிம்பிக்குக்கு அணியைத் தயார்செய்வது ஹோகனின் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. அந்த ஒலிம்பிக் நடக்கவே இல்லை.

போர் பிடித்துப்போட்ட பயிற்சியாளர்கள்

1914 ஆகஸ்டில் பிரிட்டனும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் எதிரிகளாயின. குடும்பத்தோடு வியன்னாவில் இருந்த ஹோகன் எதிரி நாட்டுக் குடிமகன் என்று கைதுசெய்யப்பட்டார். மனைவியும் குழந்தைகளும் 1915-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அவரை முகாமுக்கு அனுப்பும் நேரத்தில், வியன்னாவில் பெரிய கடை வைத்திருந்த பிளைத் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயர்கள் பொறுப்பேற்று வெளியே எடுத்தார்கள். கொஞ்ச காலம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துப் பொழுது ஓடியது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் புளூமர், ஃபிரெட் பென்ட்லண்ட், ஜான் கேமரன் போன்ற பழைய வீரர்களை பெர்லின் அருகே ரூலேபென் முகாமில் அடைத்துவைத்தார்கள். எத்தனை இங்கிலாந்துக்காரர்கள் அப்போதே வெளிநாட்டில் பயிற்சியாளராகப் பிழைத்தார்கள் என்பதற்கு அந்த முகாமின் கைதிப் பட்டியலே சாட்சி.

ஹோகனை அங்கிருந்து புடாபெஸ்டுக்கு இழுத்தவர், எம்டிகே கிளப்பின் துணைத் தலைவர் டிர்ஸ்டாய் பிரபு. கேம்பிரிட்ஜில் படித்தவர், செல்வாக்குள்ளவர். போலீசில் அவ்வப்போது ஆஜராக வேண்டும் என்ற நிபந்தனையோடு, எதிரி நாட்டுத் தலைநகரில் ஓர் இங்கிலாந்துக்காரர் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதிர்ந்த வீரர்கள் பலர் போர்முனையில் இருந்ததால் அவர் சிறுவர்களைத் தேடிப் போனார். ஆங்கோல் பார்க் என்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜியோர்ஜி ஓர்த், யோஜெஃப் பிரௌன் என்ற இரண்டு பையன்களை அப்படித்தான் பிடித்தார். இரண்டு பேரும் 1901-ல் பிறந்தவர்கள், படிக்கிற பிள்ளைகள். பின்னாளில் ஹங்கேரியின் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள்.

எம்டிகே 1917 முதல் 1925 வரை நடந்த ஒன்பது பருவங்களிலும் ஹங்கேரி லீக்கை வென்றது. ஹோகன் 1918-ல் கிளம்பிவிட்டார், ஆனால் போட்டுவைத்த அடித்தளம் அசையவில்லை. அவருக்குப் பின் பயிற்சி பொறுப்புக்கு வந்த டோரி கூர்ஷ்னர் 1937-ல் பிரேசிலின் ஃபிளமெங்கோ வரை போனார்.

இடையே ஒன்று. எம்டிகே பெரும்பாலும் புடாபெஸ்டின் யூத நடுத்தர வர்க்கத்தின் கிளப். அதன் தலைவர் ஆல்ஃபிரெட் புரூல் 1944-ல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஹோகன் கண்டெடுத்த பிரௌன் கட்டாய உழைப்புப் படையில் 1943-ல் இறந்தார்.

மூன்று ஜோடி காலுறை

போர் முடிந்து ஊர் திரும்பிய ஹோகனிடம் காசில்லை. போரால் நொடித்துப்போன தொழில்முறை வீரர்களுக்கு இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு நிதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு லண்டனுக்குப் போனார். அந்த நிதி போரில் சண்டையிட்டவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார் சங்கச் செயலாளர் ஃபிரெடரிக் வால். கையில் மூன்று ஜோடி காக்கிக் காலுறையைக் கொடுத்து, போர்முனையில் நம் பையன்கள் இவற்றைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்றாராம். ஹோகன் பின்னாளில் சொன்ன கதை இது. எதிரி நாட்டில் உட்கார்ந்து எதிரிக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவன் என்ற குத்தல் அதில் இருந்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

சரி, இது ஒரு செயலாளரின் முரட்டுத்தனம் மட்டும்தானா? அப்படித் தோன்றவில்லை. இங்கிலாந்து கால்பந்தின் அன்றைய மனநிலையைப் பார்த்தால் காலுறை பொருந்திப்போகிறது.

1. வெளிநாடுகள் ஆட்டத்தில் குழந்தைகள், அவர்களிடமிருந்து கற்க ஒன்றுமில்லை என்று நினைத்தார்கள். பிரிட்டனின் சங்கங்கள் 1920-ல் ஃபிஃபாவை விட்டு வெளியேறின, 1924-ல் திரும்பின, 1928-ல் மறுபடி வெளியேறி 1946-ல்தான் சேர்ந்தன. 1930, 1934, 1938 மூன்று உலகக் கோப்பைகளிலும் இங்கிலாந்து இல்லை.

2. கற்பிக்கும் வேலைக்கு மரியாதை இல்லை. தேசிய அணிக்கு முழுநேர மேனேஜர் என்று ஒருவர் வந்ததே 1946-ல், வால்டர் விண்டர்பாட்டம். அவருக்கும் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கிடையாது, ஒரு குழு தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். 1963-ல் ஆல்ஃப் ராம்ஸி வந்த பிறகே அந்தக் குழுவின் பிடி போனது. மூன்றே ஆண்டில் உலகக் கோப்பையும் வந்தது.

3. வென்றுகொண்டிருந்தார்கள். சொந்த மண்ணில் தோற்காதவரை மாற்றிக்கொள்ள யாருக்குத் தோன்றும்?

அவர் சொல்லிக்கொடுத்தது என்ன?

ஹோகனைப் பற்றிய பேச்சில் இந்த இடம்தான் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். "பாஸிங் ஆட்டம்" என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துபோய்விடுவார்கள். அவர் புதிய அணிவகுப்பு எதையும் கண்டுபிடிக்கவில்லை. தற்காப்பில் 2, நடுவில் 3, முன்னால் 5 என்ற பழைய 2-3-5 அமைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் மாற்றியது பந்துக்கும் காலுக்கும் உள்ள உறவை.

பந்து தரையில் இருக்க வேண்டும். அது எந்த உயரத்தில் வந்தாலும் உடனே அடக்கத் தெரிய வேண்டும், பாதத்தின் உட்புறம், வெளிப்புறம், தொடை, மார்பு எல்லாம் பழக வேண்டும். இரண்டு காலும் ஒன்றுபோல் வேலை செய்ய வேண்டும். பாஸ் கொடுத்தவர் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, உடனே காலி இடத்துக்கு நகர வேண்டும். அப்போது பந்து வைத்திருப்பவருக்கு எப்போதும் இரண்டு பக்கம் வழி இருக்கும், முக்கோணம் உருவாகும். பயிற்சி முழுக்கப் பந்தோடுதான், வெறும் ஓட்டம் கிடையாது. கூடவே சாப்பாட்டு ஒழுங்கு. இன்று எந்த ஊர் அகாடமியிலும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது இதைத்தான். 1912-ல் வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கே இது புதுசு.

1948-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பில் அவரிடம் பழகிய டாமி டாகர்டி, கால்பந்து வியன்னா வால்ட்ஸ் நடனம் மாதிரி என்று ஹோகன் சொல்வதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்று-இரண்டு-மூன்று, பாஸ்-நகர்-பாஸ் என்ற தாளம். அப்போது ஹோகனுக்கு வயது 66.

சொல்லை விடச் செய்துகாட்டுவதில் அவருக்கு நம்பிக்கை. 1920களில் ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய் உரை நிகழ்த்தினார். அவர் ஜெர்மன் மொழி அரைகுறை. டிரெஸ்டனில் ஒரு கூட்டத்தில் வார்த்தை தடுமாறி, தான் மொழிப் பேராசிரியர் என்று பொருள்படும்படி ஏதோ சொல்லிவிட, அரங்கம் சிரித்தது. மனிதர் உள்ளே போய் ஆட்ட உடையில் வந்தார். ஷூவையும் காலுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலால் பந்தை உதைத்து மரப்பலகையை இரண்டாகப் பிளந்தார் என்கிறார்கள். அதன் பிறகு யாரும் இலக்கணம் பார்க்கவில்லை. அதே நகரின் டிரெஸ்ட்னர் கிளப்பிலும் பயிற்சி கொடுத்தார். அங்கே வளர்ந்த ஹெல்முட் ஷோன் என்ற சிறுவனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவின் அற்புத அணி, ஃபுல்ஹாமின் அலட்சியம்

1931-ல் மைஸலின் ஆஸ்திரிய அணி ஸ்காட்லாந்தை 5-0, ஜெர்மனியை 6-0 என்று வீழ்த்தியபோது அதற்கு வுண்டர்டீம், அற்புத அணி, என்று பெயர் வந்தது. ஒல்லி உடம்புக்காக "காகித மனிதன்" என்று செல்லமாக அழைக்கப்பட்ட மத்தியாஸ் சிண்டெலார் அதன் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் ஆடுபவர். 1932 டிசம்பரில் லண்டனில் இங்கிலாந்திடம் அந்த அணி 4-3 என்று தோற்றது. ஆனால் ஆடிய விதத்தைப் பார்த்து இங்கிலாந்து பத்திரிகைகளே அசந்துபோயின. அந்த ஆட்டத்துக்கு ஆஸ்திரியர்களைத் தயார்செய்தவர் ஹோகன்.

இந்தப் பெயரோடு 1934-ல் தன் பழைய ஃபுல்ஹாம் கிளப்புக்கே மேனேஜராக வந்தார். ஒரு பருவம்கூட முடியவில்லை. தேர்ந்த தொழில்முறை வீரர்களுக்குப் பயிற்சி எல்லாம் தேவையில்லை என்று இயக்குநர்கள் முடிவெடுத்து, அவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோதே வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் ஆஸ்திரியாவுக்கே திரும்பினார், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அந்த நாட்டு அமெச்சூர் அணி வெள்ளி வென்றது. இருபது வருடம் தாமதமாக, அவருடைய பெர்லின் ஒலிம்பிக்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அவர் எங்குமே ஜெயிக்கவில்லை என்பது தவறு. 1936-ல் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த ஆஸ்டன் வில்லா அவரை அழைத்தது. 1938-ல் அந்தப் பிரிவை வென்று மேலே ஏற்றினார். அடுத்த ஆண்டே இன்னொரு போர், கிளப்பின் ஆட்டங்களும் அவர் வேலையும் போயின.

1953: பெரிய கணக்குத் தீர்ப்பு

நவம்பர் 25, 1953. வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே இருந்து வந்த அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல்முறை. ஏன் அப்படி நிலைகுலைந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள 1925-க்குப் போக வேண்டும்.

அதுவரை ஆஃப்சைடு விதிப்படி, தாக்கும் வீரருக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். 1925-ல் அது இரண்டாகக் குறைந்தது. கோல்கள் கொட்டத் தொடங்கின. ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்று ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, எதிரணியின் 9-ம் எண் வீரரை, அதாவது சென்டர் ஃபார்வர்டை, நிழலாகத் தொடரும் காவல்காரராக்கினார். முன்வரிசை டபிள்யூ எழுத்து, பின்வரிசை எம் எழுத்து போல நிற்பதால் டபிள்யூ-எம் என்று பெயர். இங்கிலாந்து முழுவதும் இதைப் பிடித்துக்கொண்டது. வியன்னாவும் புடாபெஸ்டும் அவ்வளவு அவசரப்படவில்லை. அங்கே சென்டர் ஹாஃப் நீண்ட காலம் படைப்பாளியாகவே இருந்தார், 9-ம் எண் வீரரும் சிண்டெலாரைப்போல அலைந்து திரிந்து ஆடினார்.

1953-ல் ஹங்கேரியின் 9-ம் எண் சட்டையில் நந்தோர் ஹிடெக்குட்டி. அவர் முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்துவிட்டார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனுக்கு இரண்டே வழிதான்.

1. கூடவே போவது. போனால் அவர் விட்டுப்போன ஓட்டையில் ஹங்கேரியின் முன்வரிசை வீரர்கள் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள்.

2. இருந்த இடத்திலேயே நிற்பது. நின்றால் ஹிடெக்குட்டி தடையே இல்லாமல் ஆட்டத்தை நடத்துவார்.

ஜான்ஸ்டனால் இரண்டையுமே முழுசாகச் செய்ய முடியவில்லை. முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி கோல் அடித்தார், மொத்தம் மூன்று. அரை மணி நேரத்துக்குள் 4-1. ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரி கால்பந்துச் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச், தங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் சொல்லிக்கொடுத்தது என்றார். பயிற்சியாளர் குஸ்டாவ் ஷெபெஷ், தங்கள் கால்பந்து வரலாற்றில் ஹோகன் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றார். பார்வையாளர் வரிசையில், ஆஸ்டன் வில்லாவின் இளைஞர் அணிப் பையன்களோடு, 71 வயது ஹோகன் உட்கார்ந்திருந்தார். அவரைத் துரோகி என்று திட்டியவர்களும் இங்கிலாந்தில் இருந்தார்கள். அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் 7-1.

எல்லாப் புகழும் அவருக்கேவா?

இல்லை. பார்ச் சொன்னதில் விருந்தாளியின் மரியாதையும் கலந்திருக்கிறது. எம்டிகே-க்கு ஹோகனுக்கு முன்பே ஜான் டெய்ட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சி கொடுத்திருந்தார். பிராகாவில் ஜான் மேடன் 1905 முதல், ஜெனோவாவில் வில்லியம் கார்பட் 1912 முதல், இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இறங்கி ஆடும் 9-ம் எண் ஹோகனின் யோசனை அல்ல, அதை எம்டிகே பயிற்சியாளர் மார்டன் புகோவி வளர்த்தெடுத்தார். மைஸல் இல்லாவிட்டால் வுண்டர்டீம் இல்லை.

ஆனால் ஒரு சங்கிலி இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஹிடெக்குட்டி ஆடியது எம்டிகே-யில். ஷெபெஷ் 1930களில் ஆடியதும் அதே கிளப்பில். 1961, 1962 இரண்டு ஆண்டும் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித்தந்த பேலா குட்மன், ஹோகன் போன இரண்டு வருடம் கழித்து அங்கே ஆட வந்தவர். பந்தைத் தரையில் வைத்து யோசித்து ஆடும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது, வேருக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் ஹோகனுக்குப் பெரிய பங்கு. அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு, கால்பந்தைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்ட நாடுகள் பயிற்சியாளர்களை வளர்த்தன. இங்கிலாந்து தோற்ற பிறகுதான் காது கொடுத்தது. அந்தத் தாமதத்துக்கான வட்டியைத்தான் இன்னும் கட்டுகிறது.

கடைசி ஆண்டு

ஹோகன் 1959 வரை ஆஸ்டன் வில்லா சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1974 ஜனவரி 30 அன்று 91 வயதில் காலமானார். நவீன ஜெர்மன் கால்பந்தை நிறுவியவர் என்று அவரைக் குறிப்பிட்டு, ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவர் மகனுக்குக் கடிதம் எழுதியது.

அந்த ஆண்டு ஜூலையில் மியூனிக்கில் உலகக் கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்து அந்தப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர், டிரெஸ்டனில் வளர்ந்த ஹெல்முட் ஷோன். எதிரணி, 1910-ல் ஹோகன் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை வென்றுகொடுத்த நெதர்லாந்து. இந்தமுறை 2-1 ஜெர்மனியின் பக்கம்.